தைத்த வள்ளத்தைச் செப்பனிடும் முறை

கேரளத்தில், குட்டநாட்டின் கால்வாய்களிலும் வேம்பநாட்டுக் காயல் என்னும் உப்பங்கழியிலும் ஓடும் பழைய மரவள்ளங்களில் (மரப்படகுகளில்) பல, ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்துக் கட்டப்பட்டவை. மலையாளிகள் ஆஞ்ஞிலி என்றும் நாம் அயினி என்றும் சொல்லும் மரத்தின் பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து, பொருத்தின் மேல் தேங்காய் நாரைத் திரியாக முறுக்கி வைத்து, இருபுறமும் இட்ட துளைகள் வழியே கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துத் தைப்பது இதன் கட்டுமுறை. தையல் தளர்ந்தால் மறுபடி தைக்கலாம், உளுத்த பலகையை மட்டும் கழற்றி மாற்றலாம் என்பதால், கவனித்துக்கொள்ள ஆள் இருக்கும்வரை இவ்வகை வள்ளத்துக்கு ஆயுள் கெட்டி.

வேலைக்கு ஏற்ற காலம் ஜனவரி முதல் மே வரை; ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்குவதற்குள் முடித்துவிட வேண்டும். கரையேற்றிய வள்ளத்தைப் பாசியும் சிப்பியும் போகச் சுரண்டி, நல்ல தண்ணீரால் உள்ளும் புறமும் கழுவி, மூன்று நான்கு இடங்களில் கட்டை முட்டுக் கொடுத்துக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஓலைப்பந்தலின் நிழலில் காற்றாட உலர விடுவதே முறை. நேர் வெயிலில் போட்டால், உள்ளே ஈரம் இருக்கும்போதே பலகையின் மேற்புறம் சுருங்கி நெடுக வெடித்துவிடும். அந்த வெடிப்பைப் பிறகு எதைக் கொண்டும் முழுமையாகச் சரிசெய்ய முடியாது.

உலர்ந்த பிறகு சோதனை. உளியின் கைப்பிடியால் பலகையைத் தட்டிக்கொண்டே போனால் நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும், உளுத்த இடம் மந்தமாக ஒலிக்கும். சந்தேகப்பட்ட இடத்தில் ஊசிமுனையுள்ள குத்தூசியை அழுத்திப் பார்க்க வேண்டும்; எதிர்ப்பில்லாமல் இறங்கினால் அந்த மரத்தை வெட்டி எடுக்கத்தான் வேண்டும். அடிப்பலகையைவிட மேல் விளிம்பு, இரு முனைகள், குறுக்குப்பலகை வந்து சேரும் மூலைகள் ஆகியவற்றிலேயே மரம் முதலில் உளுக்கும், ஏனெனில் மழைநீர் தேங்கி, காய்ந்து, மீண்டும் தேங்கும் இடங்கள் அவைதான். சேர்த்தலைக்கு அருகே கடக்கரப்பள்ளியில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அகழ்ந்தெடுத்த மரக்கலமும் ஆஞ்ஞிலியால் ஆனதே. காற்றுப் புகாத ஈரச் சேற்றில், காயாமல் எப்போதும் நனைந்தே கிடந்ததால்தான் அது பல நூற்றாண்டுகள் தாங்கியது. காயலில் உப்பு ஏறும் பகுதிகளில் வேறொரு பகை உண்டு. கப்பல் புழு நுழைந்த துளை வெளியே குண்டூசித் தலையளவே தெரியும். உள்ளேயோ சுண்ணாம்புப் பூச்சுடன் விரல் கனத்துக்குச் சுரங்கம் ஓடியிருக்கும். குட்டநாட்டுக்குள் உப்புநீர் ஏறாதிருக்கத் தண்ணீர்முக்கம் தடுப்பணையின் கதவுகளைக் கோடையில் மூடுகிறார்கள்; ஆகவே அணைக்கு வடக்கே, கொச்சிப் பக்கம் கட்டிக்கிடந்த வள்ளத்தையே இதற்காகக் கூடுதலாகத் தட்டிப் பார்க்க வேண்டும்.

தையலைப் பிரிக்கும்போது அவசரம் கூடாது. எல்லாத் தையலையும் ஒரே நாளில் அறுத்துவிட்டால், வளைத்துப் பிடித்திருந்த பலகைகள் விறைத்து நிமிர்ந்து, வள்ளம் தன் வடிவத்தை இழக்கும். ஒரு முழம் பிரித்து, அந்த ஒரு முழத்தைத் தைத்து முடித்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். பழைய துளைகளில் மக்கிய நாரைச் சுத்தமாக எடுத்துவிட்டு அவற்றையே பயன்படுத்துவது நல்லது. இடையிடையே புதுத் துளை போட்டால் பலகை அந்த வரிசையிலேயே பிளக்கும். நீரில் ஊறவைத்து அழுகவிட்ட தேங்காய் மட்டையின் நாரில் திரித்த கயிறே இதற்கு உகந்தது. இந்த வேலைக்கு இருவர் வேண்டும். உள்ளே இருப்பவர் கயிற்றை ஒரு கட்டையில் சுற்றி நெம்பி இழுக்க, வெளியே இருப்பவர் நார்த்திரியைக் கொட்டாப்புளியால் தட்டிப் படியவைப்பார். அடுத்த சுற்று இறுகும்வரை துளையில் ஒரு மரமுளையைத் தற்காலிகமாகச் செருகி வைத்தால் இழுத்த இழுப்பு தளராது. எல்லாம் முடிந்ததும் துளைகளை நாரால் அடைக்க வேண்டும்.

மாற்றுப் பலகை அதே மரமாகவும், நன்கு உலர்ந்ததாகவும், ரேகை வள்ளத்தின் நீளவாக்கில் ஓடுவதாகவும் இருக்கட்டும். முனைகளைச் சாய்வாக வெட்டி இணைப்பதும், மேல் கீழ் வரிசைகளின் இணைப்புகள் ஒரே நேரில் வராமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். ஓட்டைக்கு மேல் தகரம் அடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தகரத்தின் பின்னால் ஈரம் தங்கி, ஓட்டை பெரிதாகும். கண்ணாடியிழைப் போர்வை குறித்தும் அடிக்கடி கேட்கிறார்கள். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், மருந்தேற்றிய ரப்பர் மரத்தில் கட்டிக் கண்ணாடியிழை போர்த்திய வள்ளங்களை உருவாக்கியிருக்கிறது. மருந்தேற்றிய புது மரத்துக்கு அது சரி. ஈரம் ஊறிய பழைய தைத்த வள்ளத்தைப் போர்த்தினால் உள்ளே உளுப்பது கண்ணுக்குத் தெரியாது, பிரித்துத் தைக்கவும் வழியிருக்காது.

பூச்சுக்கு மத்தி மீன் எண்ணெயோ, முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயோ போதும். சுண்டன் வள்ளங்கள் எனப்படும் நீண்ட பந்தயப் படகுகளுக்கு மீனெண்ணெயுடன் சிரட்டைக் கரியும் முட்டையும் சேர்ப்பது வழக்கம். அது பந்தயத்தில் அடிப்பாகம் வழுக்கிச் செல்வதற்காக என்பதால் சிறு வள்ளத்துக்குத் தேவையில்லை. மெல்லிய பூச்சாகத் தடவி, அதை மரம் குடித்து உலர்ந்த பிறகே அடுத்த பூச்சு தர வேண்டும். தையல் துளைகளில் மட்டும் தூரிகையைக் குத்திக் குத்தி எண்ணெயை இறக்க வேண்டும். முந்திரி ஓட்டெண்ணெய் தோலில் பட்டால் கொப்புளம் கிளம்பும். கையுறை இல்லாமல் அதைத் தொடக் கூடாது.

நீரில் இறக்கிய முதல் நாள் வள்ளம் ஒழுகும். பலகையும் நாரும் ஊறிப் பருத்தால் பெரும்பாலான கசிவு தானே அடைபடும் என்பதால், உடனே கரையேற்றி மேலும் நார் திணிக்க வேண்டியதில்லை. இறுகத் திணித்த பொருத்து, பலகை ஊறும்போது தையலையே அறுத்துவிடும்.

சில மாதங்கள் ஓட்டப்போவதில்லை என்றால், நல்ல தண்ணீர்க் கால்வாயில் வள்ளத்தை முக்கிப் போடுவது அப்பகுதியின் பழைய வழக்கம். மரம் வெடிக்காது, தையலும் தளராது. உப்புநீரில் இதைச் செய்தால் புழுவுக்கு விருந்து வைத்ததாகும். திரும்ப எடுக்கும்போது நீரில் மிதக்கும் நிலையிலேயே உள்ளிருக்கும் தண்ணீரை இறைத்துவிட்டுத்தான் கரையேற்ற வேண்டும். தண்ணீரோடு தூக்கினால் அவ்வளவு எடையும் தையலின் மேல் விழும்.