வக்கீலிடம் போகும் முன் ரெப்போவைத் திறங்கள்

திறந்த மூல நிரலை வெளியிடும் முன், "எந்த லைசென்ஸ் (உரிமம்) நல்லது?" என்று கேட்க வக்கீலிடம் போகாதீர்கள். அதற்கு இணையத்திலேயே இலவசமாகப் பதில் கிடைக்கும். காசு கொடுத்துக் கேட்க வேண்டியது வேறு: "இந்த நிரலை வெளியிட எங்களுக்கு உரிமை இருக்கிறதா?"

நாங்கள் சிலர், வேலை போக மிச்ச நேரத்தில் ஒரு தமிழ்ப் பிழைதிருத்தியைப் பராமரிக்கிறோம். சம்பளம் கிடையாது, சங்கப் பதிவும் கிடையாது. இப்படிப்பட்ட குழுவுக்கு முதல் சிக்கலே வக்கீலின் கட்சிக்காரர் யார் என்பதுதான். பதிவு செய்யாத குழுவின் சார்பில் யார் போகிறாரோ அவர்தான் கட்சிக்காரராகிறார். யார் போவது, ரசீது யார் பெயரில், வக்கீல் சொன்னதை மற்றவர்களிடம் சொல்லலாமா என்பதையெல்லாம் முன்னமே பேசிவிடுங்கள். அவர் எழுதித் தருவதைக் குழுவின் பொது இழையில் அப்படியே ஒட்ட வேண்டாம். முடிவை மட்டும் சொன்னால் போதும்.

அடுத்து வீட்டுப்பாடம். ரெப்போவில், அதாவது நிரலும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் கிட் களஞ்சியத்தில், 'கிட் ஷார்ட்லாக்' கட்டளையை ஓட்டினால் யார் யார் கமிட் செய்திருக்கிறார்கள் (மாற்றங்களைப் பதிந்திருக்கிறார்கள்) என்ற பட்டியல் வரும். ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் அவர் அப்போது எங்கே வேலை பார்த்தார் என்று கேட்டுக் குறியுங்கள். ஊர்வம்பு இல்லை இது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, வேலையின் பகுதியாக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குத்தான் சொந்தம். "ராத்திரி வீட்டில் உட்கார்ந்துதானே எழுதினேன்" என்பார்கள். அது பாதிப் பதில்தான்; சில கம்பெனிகள் ஆஃபர் லெட்டரிலேயே வேலை நேரத்துக்கு வெளியே எழுதுவதும் தங்களுக்கே என்று எழுதி வாங்கியிருக்கும். அந்தப் பக்கத்தின் நகல் கையில் இருக்கட்டும்.

பிறகு, வெளியிலிருந்து எடுத்தவை. எங்கள் சொற்பட்டியலில் ஒரு பகுதி விக்சனரி என்ற இணைய அகராதியிலிருந்து வந்தது. அதன் உரிமம் கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ: மூலத்தைக் குறிப்பிட வேண்டும், தழுவியதையும் அதே மாதிரி உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். அந்த உரிமத்தின் 4.0 பதிப்பில் உள்ளதைத் தழுவி ஜிபிஎல் 3இல் (மாற்றி வெளியிடுபவரும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்கிற மென்பொருள் உரிமம்) வெளியிடலாம் என்று 2015இல் கிரியேட்டிவ் காமன்ஸ் அறிவித்தது. ஒருவழிப் பாதைதான், திருப்பிக் கொண்டுபோக முடியாது. அதைத் தூக்கி எம்ஐடி (உரிமக் குறிப்பை வைத்திருந்தால் போதும் என்கிற தளர்ந்த உரிமம்) என்று முத்திரை குத்தவும் முடியாது. கோப்புறை, எங்கிருந்து எடுத்தது, எந்த உரிமம், எந்தப் பதிப்பு என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எங்கிருந்து வந்தது என்றே தெரியாத கோப்பு இருந்தால் அதையும் தெரியாது என்றே எழுதுங்கள்.

இனி கேள்வி. நம் சட்டத்தில் எனக்கு இடறுகிற இடம் 19ஆம் பிரிவு. உரிமையை மாற்றிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு. இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். 30ஏ பிரிவு இதைத் தேவையான மாற்றங்களோடு உரிமங்களுக்கும் பொருத்துகிறது. பதிப்புரிமை இருக்கும் காலம் முழுவதும் என்று ஜிபிஎல் 3 தெளிவாகச் சொல்லிவிடுகிறது. எம்ஐடியில் காலமும் இல்லை, நாடும் இல்லை. "எம்ஐடியில் வந்த பங்களிப்புக்கு இது பொருந்துமா? பங்களிப்பாளரிடம் தனியாக எழுதி வாங்க வேண்டுமா?" என்று கேளுங்கள். கேள்வியே புரியாமல் முழிக்கிற வக்கீல் உங்களுக்கானவர் இல்லை.

சொத்துப் பத்திரம் பார்க்கிற குடும்ப வக்கீலை இதற்குத் தொந்தரவு செய்ய வேண்டாம். ஜிபிஎல்லின் பொருளில் மட்டும் சந்தேகம் என்றால், அதை எழுதிய எஃப்எஸ்எஃப் (ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன்) வெளியிட்டுள்ள கேள்வி-பதிலிலேயே பாதி தீர்ந்துவிடும். டெல்லியில் எஸ்எஃப்எல்சி.இன் என்ற, மென்பொருள் மற்றும் இணைய உரிமைகளுக்கான சட்ட அமைப்பு இருக்கிறது. முதலில் அவர்களுக்கு எழுதிப் பாருங்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 முதல் அறிவுசார் சொத்துரிமைக்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது. அங்கே ஆஜராகிறவர்களில் மென்பொருள் ஒப்பந்தம் பார்ப்பவராகத் தேடுங்கள், டிரேட்மார்க் மட்டும் பார்ப்பவர் போதாது.

இதையெல்லாம் ஆள் பெருகும் முன்பே செய்வது நல்லது. விஎல்சி என்ற வீடியோ பிளேயரின் மையப் பகுதியை ஜிபிஎல்லிலிருந்து, அதைவிடத் தளர்ந்த எல்ஜிபிஎல்லுக்கு மாற்ற, 2011 வாக்கில் பழைய பங்களிப்பாளர்களையெல்லாம் தேடிப் பிடித்து ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது.

ஃபீஸை முதலிலேயே கேட்டுவிடுங்கள். மணிக்கணக்கை விட மொத்தத் தொகை நமக்குத் தோது. கருத்தை எழுத்தில் வாங்குங்கள். தேதியும், எந்தக் கமிட் வரை பார்த்துச் சொன்னது என்பதும் அதில் இருக்க வேண்டும்.