பழைய வேகன் ஆர் வாங்குகிறீர்களா? காலையிலேயே போய்ப் பாருங்கள்

குடும்பத்துக்கு முதல் கார் என்றால் பழைய மாருதி வேகன் ஆர் நல்ல தேர்வு. கூரை உயரம் என்பதால் முழங்கால் வலியுள்ள பெரியவர்களும் சிரமமின்றி ஏறி இறங்கலாம். 2019-இல் வந்த வடிவத்தில் டிக்கியின் கொள்ளளவு 341 லிட்டர். ஆனால் நல்ல மாடல் என்பதாலேயே எல்லா வண்டியும் நல்ல வண்டி ஆகிவிடாது.

முதலில், காலையில் போங்கள். போனவுடன் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், உங்களுக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மையைச் சொல்லும். ஸ்டார்ட் ஆகத் திணறுகிறதா, நீலப் புகை வருகிறதா என்று கவனியுங்கள். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது.

அடுத்து, பாலிஷ் துணி எட்டாத இடங்கள். என் அத்தை மகன் ஆசைப்பட்ட கார் கண்ணாடிபோல் மின்னியது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை கோடு போட்டிருந்தது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதன் பொருள் புரியும்: தண்ணீர் புகுந்த மின் இணைப்புகள் மாதங்கள் கழித்தும் தொல்லை தரும். சீட் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல், கார்ப்பெட்டில் ஈர வாடை ஆகியவற்றையும் விடாதீர்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத் தயாரிப்பு. ஓடோமீட்டர் இருபதாயிரம் கிலோமீட்டர்தான் காட்டுகிறது, நான்கு டயரும் காரைவிட இளையவை என்றால், காரணம் கேளுங்கள்; ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டியிருக்கலாம். பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்திருந்தாலும் அப்படியே.

பிறகு குடும்பத்தோடு ஓட்டிப் பாருங்கள். பின்சீட்டில் மூவர், ஏசி போட்டு, ஒரு மேம்பாலம் ஏறுங்கள். எஞ்சின் இரைச்சல் கூடியும் வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்திருக்கலாம்.

கடைசியாக ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணை வண்டியில் பொறித்த எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். கடனில் வாங்கிய வண்டி என்றால், வங்கியின் தடையில்லாச் சான்றும், கடன் முடிந்ததை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்கும் படிவம் 35-உம் கண்ணில் படும்வரை முன்பணம் தராதீர்கள்.