தகடூர்ப் பக்கம் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி) கோட்டை, நடுகல், காடு: முதன்முறை கிளம்புகிறவர்களுக்கு

பெங்களூரிலிருந்து சேலம் போகும் வழியில் கிருஷ்ணகிரியைத் தாண்டும்போது ஒரு பெரிய மொட்டைப் பாறை மலை தெரியும். அதன் தலையில் ஒரு கோட்டை இருப்பது பஸ்ஸில் போகிற பாதிப் பேருக்குத் தெரியாது. நான் இந்தப் பக்கத்துக்காரன்தான். பஸ் மாறவும் மாங்காய் வாங்கவும் அந்த மலையடியில் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன், இருபது வயது வரை ஏறியதில்லை. ஏறிய முதல் நாளும் உருப்படியாக அமையவில்லை, அதைக் கீழே சொல்கிறேன். நான் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதிவைத்தால் புதிதாகக் கிளம்புகிறவர்களுக்குக் கொஞ்சம் அலைச்சல் மிச்சமாகும்.

படி 1: முதலில் பலகையைப் படியுங்கள்

"இங்கே தேசியப் பூங்கா இருக்கா?" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. தமிழ்நாட்டில் தேசியப் பூங்காக்கள் ஐந்துதான்: கிண்டி, முதுமலை, முக்கூர்த்தி, ஆனைமலை, மன்னார் வளைகுடா. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இருப்பவை காவிரியை ஒட்டிய வனவிலங்கு சரணாலயங்கள்.

பழைய சின்னங்களுக்கு வேறு கணக்கு. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மத்திய தொல்லியல் துறை காப்பவை சில. கிருஷ்ணகிரிக் கோட்டையும் இராயக்கோட்டையும் அதில் வரும். 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநிலத் தொல்லியல் துறை காப்பவை வேறு. அறநிலையத் துறையின் கோவில்கள், வனத்துறையின் காடுகள் தனி. எதன் வாசலிலும் ஒரு பலகை நிற்கும். யாருடைய இடம், என்ன செய்யக்கூடாது என்று அதில் இருக்கும். மத்திய அரசின் சின்னமாக இருந்தால், சுவரில் பெயர் கிறுக்கியதற்கே இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. கிருஷ்ணகிரி மலையில் எழுதிவைத்திருக்கும் காதலர் பெயர்களைப் பார்த்தால் அந்தப் பலகையை யாரும் படிப்பதாகத் தெரியவில்லை.

படி 2: மலைக்கு முன் அருங்காட்சியகம்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். நான் நேராக வெளியிடங்களுக்குப் போய், எதைப் பார்க்கிறோம் என்றே தெரியாமல் திரும்பிய நாட்கள் நிறைய. தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களை, அதாவது இறந்த வீரர்களுக்காக நட்ட கற்களை, பக்கத்தில் நின்று நிதானமாகப் பார்க்கலாம். வார விடுமுறை எந்த நாள் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள், மறந்துவிட வேண்டாம்.

நடுகல்லைப் பார்க்க ஒரு முறை இருக்கிறது. முதலில் வீரனின் கைகள்: பெரும்பாலும் ஒன்றில் வில், மற்றதில் குறுவாள் இருக்கும். அப்புறம் உடம்பு: அம்பு தைத்திருக்கிறதா என்று தேடுங்கள். காலடியிலோ ஓரத்திலோ மாடுகள் இருந்தால் அது ஆநிரைச் சண்டை. மாட்டைக் கவரவோ மீட்கவோ போய் இறந்தவன். மேலே இரண்டு பெண்கள் அவனைத் தூக்கிப் போவதுபோல் இருந்தால், வீரசொர்க்கத்துக்குக் கொண்டுபோகிறார்கள் என்று பொருள். எழுத்து இருந்தால், பழைய கற்களில் பெரும்பாலும் வட்டெழுத்து என்ற பழந்தமிழ் எழுத்து. படிக்க வராவிட்டால் பரவாயில்லை, எத்தனை வரி என்று எண்ணி வையுங்கள்.

கல் நடுவதற்குத் தொல்காப்பியம் ஆறு நிலை சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல். கல்லைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி வாழ்த்துவதில் முடிகிற சடங்கு. அதன் மிச்சம் இன்றும் இங்கே உயிரோடு இருக்கிறது. ஊர்ப்புறத்தில் வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடும் சாமி பல இடங்களில் ஒரு நடுகல்தான். அதனால் வயல் ஓரத்தில் கல்லைப் பார்த்ததும் செருப்போடு ஏறி நிற்காதீர்கள், பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எழுத்து தெரிய வேண்டுமென்று மாவோ சுண்ணாம்போ பூசவும் வேண்டாம். காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்து மணிக்கோ போனால் சாய்ந்த வெயிலே எழுத்தைத் தூக்கிக் காட்டிவிடும். நிழலில் இருக்கும் கல்லுக்குப் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் போதும்.

படி 3: கிருஷ்ணகிரிக் கோட்டை

ஊர்க்காரர்கள் சையது பாஷா மலை என்பார்கள், மேலே தர்கா இருக்கிறது. விஜயநகரக் காலத்துக் கோட்டை, பிறகு ஐதர் அலி, திப்பு கைக்கு வந்தது. 1791இல் ஆங்கிலேயப் படை தாக்கியும் பிடிக்க முடியவில்லை. மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் எனப்பட்ட இந்தப் பகுதி முழுவதும் கைமாறியபோதுதான் இதுவும் போனது. பாதி தூரம் ஏறி மூச்சு வாங்க நின்று கீழே பாருங்கள், ஏன் பிடிக்க முடியவில்லை என்று முழங்கால் சொல்லும்.

என் முதல் தடவை: மே மாதம், பதினோரு மணி, கையில் அரை லிட்டர் தண்ணீர், காலில் ரப்பர் செருப்பு. பாறை தோசைக்கல்லாகக் கொதித்தது. கையில் இருந்த பிளாஸ்டிக் கவரைக் குரங்கு பிடுங்கிக்கொண்டது, அதற்குள்தான் பிஸ்கட்டும் பஸ் காசும். ஆகவே காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் இருங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், பிடிமானம் உள்ள ஷூ, சாப்பாட்டுப் பொருள் பைக்குள்ளே. மழை பெய்த மறுநாள் ஏற வேண்டாம், படிகள் வழுக்கும்.

இராயக்கோட்டைக்கு இதே விதிகள். அதை ஆங்கிலேயர் 1791 ஜூலையிலேயே பிடித்துவிட்டார்கள். கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லை என்பது எங்கள் பழைய குறை. இராயக்கோட்டைக்கு இருக்கிறது, தருமபுரி–ஓசூர் பாதையில்.

படி 4: தருமபுரி கோட்டைக் கோவில்

வெயில் ஏறிய பிறகு கோவிலுக்குள் போங்கள். மல்லிகார்ச்சுனர் சன்னதி மண்டபத்தில் தொங்கும் தூண் ஒன்று உண்டு. அடியில் துணியை விட்டு இழுத்துப் பார்க்க எல்லோரும் குனிவார்கள். குனிந்தது போதும், நிமிர்ந்து இந்தப் பக்கத்தை ஆண்ட நுளம்பர் காலத் தூண்களின் வேலைப்பாட்டையும் பாருங்கள். காமாட்சியம்மன் சன்னதியின் அடித்தளத்தில் இராமாயணக் காட்சிகள் சாண் அளவில் செதுக்கப்பட்டிருக்கின்றன. என்னைக் கேட்டால் தூணைவிட அதுதான் அதிசயம்.

சேலம் சாலையில் கொஞ்ச தூரத்தில் அதியமான்கோட்டை. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் அஞ்சியின் பெயரைச் சுமக்கும் ஊர். அரை மணி நேரம் போதும்.

படி 5: கல்திட்டைகள்

கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரத்தில் பாறைமேல் பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடிய பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் (இறந்தவர்களுக்காக எழுப்பியவை) கூட்டமாக இருக்கின்றன. ஊரில் பாண்டவர் வீடு என்பார்கள். ஒரு பலகையில் வட்டமான துளை இருக்கும், அதன் பெயர் இடுதுளை. உள்ளே நுழைந்து படம் எடுக்க வேண்டாம், கற்கள் ஒன்றையொன்று தாங்கித்தான் நிற்கின்றன.

அகழாய்வு நடந்த மயிலாடும்பாறைக்கும் போக ஆசை வரும். இரும்பு கிடைத்த மண்ணடுக்கின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தபோது ஊரே பேசியது. பிறகு 2025இல் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை அதைவிடப் பழமையான காலத்தைக் காட்டியது. ஆனால் அகழாய்வு இடத்தில் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இருக்காது. அந்தத் துறையில் ஆர்வம் இருந்தால் மட்டும் போங்கள்.

படி 6: காடு

காவிரி வடக்கு சரணாலயம் 2014இல் அறிவிக்கப்பட்டது, சுமார் 504 சதுர கிலோமீட்டர். காவிரி தெற்கு 2022இல் வந்தது, சுமார் 686. இரண்டும் கர்நாடகத்துக் காடுகளோடு சேர்ந்து யானைகளுக்கு ஒரே நீண்ட வழி. அஞ்செட்டி, உரிகம் பக்கம் "சும்மா உள்ளே போய்ப் பார்க்கலாம்" என்ற பேச்சே வேண்டாம். வனச்சரக அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் சொன்னபடி நடங்கள். காட்டுச் சாலையில் இருட்டுவதற்கு முன் வெளியே வந்துவிடுங்கள், வண்டியை நிறுத்தி இறங்காதீர்கள்.

புதியவர்களுக்கு ஒகேனக்கல்தான் சரி. கிளம்பும் அன்று காலைச் செய்தியில் நீர்வரத்து வினாடிக்கு எத்தனை கன அடி என்று பாருங்கள். அதிகமானால் பரிசலை நிறுத்திவிடுவார்கள், அங்கே போய்ச் சண்டை போட்டுப் பயனில்லை. பரிசலில் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். ஆற்றில் முதலை உண்டு, கரையோரக் குளியலைக் குறித்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 7: புதிதாக ஒரு கல் கண்ணில் பட்டால்

இந்தப் பக்கம் இது நடக்கக்கூடியதுதான். ஏரிக்கரையில், புளியமரத்தடியில், பாதி புதைந்து கிடக்கும். தோண்டாதீர்கள், நகர்த்தாதீர்கள். நான்கு பக்கமும் படம் எடுத்து, பக்கத்தில் ஒரு பேனாவை அளவுக்கு வைத்து இன்னொரு படம். ஊர்ப் பெயரையும் நிலம் யாருடையது என்பதையும் குறித்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ அருங்காட்சியகத்திலோ சொல்லுங்கள். விடுமுறை நாளில் மட்டும் அருங்காட்சியகம் போகாதீர்கள்.