லிஸ்பனில் காதைப் பழக்கியது: என் அனுபவம்

செயலியில் கற்ற போர்ச்சுகீசியத்தோடு லிஸ்பனில் இறங்கினால், எதிரில் இருப்பவர் பேசுவது ஒன்றும் பிடிபடவில்லை. செயலி கற்றுத்தந்தது பிரேசில் உச்சரிப்பு. போர்ச்சுகலிலோ அழுத்தம் விழாத உயிரெழுத்துகளை விழுங்கிவிடுகிறார்கள். சொல்லிறுதி 'ஸ்' பெரும்பாலும் 'ஷ்' ஆகிவிடுகிறது.

கைகொடுத்தது வானொலி. அறையில் இருந்த நேரமெல்லாம் ஆன்டெனா 1 என்ற போர்ச்சுகல் வானொலி நிலையத்தின் செய்தியை ஓடவிட்டேன். பொருள் புரியாவிட்டாலும், சொற்கள் எங்கே பிரிகின்றன என்பது காதுக்குத் தெரியத் தொடங்கியது. பிறகு அன்றாடம் தேவைப்பட்டதை மட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன்: காப்பிக்கு 'கெரியா உம் கஃபே', பில்லுக்கு 'அ கோன்டா, புர் ஃபவோர்', வேகமாகப் பேசுகிறவரிடம் 'மைஷ் துவகார்' (இன்னும் மெதுவாக). நன்றிக்கு ஆண் 'ஒப்ரிகாது', பெண் 'ஒப்ரிகாதா'.

உணவகத்தில் கேட்காமலே வைக்கும் ரொட்டியையும் ஆலிவையும் தொட்டால் காசு. வேண்டாமென்றால் 'நௌ, ஒப்ரிகாது'. அந்த 'நௌ' மூக்கால் வர வேண்டும்.