மன அழுத்தம்: சமாளிப்பதாக நினைத்து ஆசிரியர்கள் செய்யும் தவறுகள்

‘பழகிடுச்சு சார்’ என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவதுதான் தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்ட ஆசிரியர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு. அஞ்செட்டிப் பக்கத்து மலைக் கிராமப் பள்ளியானாலும், பிள்ளைகள் நெருக்கியடித்து உட்காரும் ஓசூர் வகுப்பறையானாலும் இதே பதில்தான் வருகிறது. தாங்கிக்கொள்வதையே நல்ல ஆசிரியருக்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறோம். தாங்கத் தாங்க உள்ளே எது தேய்கிறது என்பதைக் கவனிப்பதில்லை.

பர்ன் அவுட் என்று சொல்லப்படும் நிலையை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வரையறுத்தது. அது ஒரு நோய் அல்ல, வேலையிடத்தில் நீண்ட நாள் நீடித்த அழுத்தத்தின் விளைவு என்று சொல்லி, மூன்று அறிகுறிகளைத் தந்தது. ஆள் முழுக்கக் களைத்துப்போவது ஒன்று. வேலையிலிருந்து மனம் விலகி வெறுப்பாகப் பேச ஆரம்பிப்பது இரண்டாவது. ‘நான் செய்வதில் பயனில்லை’ என்று தோன்றுவது மூன்றாவது. இரண்டாவது அறிகுறியைத்தான் நாம் அடையாளம் காணத் தவறுகிறோம். ‘இதுங்களுக்கு என்ன சொன்னாலும் ஏறாது’ என்று ஸ்டாஃப் ரூமில் ஒருவர் சொன்னால், பிள்ளைகளைப் பற்றிய கருத்தாக அதைக் கேட்டுக்கொள்கிறோம். சில வருடம் முன்பு அதே பிள்ளைகளுக்காகச் சனிக்கிழமையும் பள்ளிக்கு வந்தவர் அவராக இருக்கலாம். அவருக்கு ஓய்வும் துணையும் தேவைப்படுகிறது என்றுதான் அந்தப் பேச்சிலிருந்து நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

பழியை முழுக்கத் தன்மேல் போட்டுக்கொள்வது அடுத்த தவறு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில்தான். தளி, வேப்பனப்பள்ளிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு வரும் பிள்ளைக்குத் தமிழில் எழுத்தறிவிக்க வேண்டும். பென்னாகரம், அரூர்ப் பக்கம் பெற்றோர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தப் பிள்ளை இரண்டு மாதம் கழித்து வந்து எழுத்தை மறந்து நின்றால், அது உங்கள் கற்பித்தலின் தோல்வி ஆகாது. தேர்ச்சி விழுக்காடு பற்றிய கூட்டத்தில் கேள்வி கேட்கப்படும்போது இந்தக் காரணங்களை வாயால் மட்டும் சொல்லாதீர்கள். வருகைப் பதிவேட்டில் இருப்பதை ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துப் போங்கள். எழுதிக் கையில் வைத்திருக்கும்போது கூட்டத்துக்குப் போகும் பயமே பாதியாகக் குறையும்.

இதைவிடக் கனமான ஒன்று உண்டு. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து ‘எனக்குக் கல்யாணம் பேசறாங்க மிஸ்’ என்கிறாள். நம் இரு மாவட்டங்களிலும் இது அடிக்கடி கேட்கும் சொல். ஊர்ப் பகை வருமே என்று பயந்து, அந்தச் செய்தியைத் தனியாகச் சுமந்துகொண்டு தூக்கம் கெட்டுத் திரியும் ஆசிரியைகளை எனக்குத் தெரியும். அப்படிச் சுமக்க வேண்டாம். 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் இருக்கிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. பெயர் வெளியே வர வேண்டாம் என்று அந்த எண்ணில் பேசுபவர்களிடம் சொல்லலாம். தலைமை ஆசிரியரிடம் அன்றே தெரிவித்துவிடுங்கள். அந்தப் பெண்ணுக்கும் அதுதான் பாதுகாப்பு, உங்கள் மனதுக்கும் அதுதான்.

இனி, கைப்பேசி. ‘உடனே எமிஸ்-இல் (பள்ளி விவரங்களைப் பதியும் அரசு இணையதளம்) பதிவேற்றவும்’ என்ற செய்தி இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. உடனே எழுந்து உட்கார்ந்து முடித்து, ‘முடிந்தது’ என்று போட்டுவிட்டுப் படுப்பதைப் பலர் பொறுப்பு என்று நினைக்கிறார்கள். ஒரே நாள் என்றால் பொறுப்புதான். தினமும் நடந்தால், சாப்பிடும்போதும் பிள்ளையிடம் பேசும்போதும் ஒரு காது கைப்பேசியிலேயே இருக்கும். சித்தேரி, வத்தல்மலை போன்ற இடங்களில் பள்ளியில் சிக்னல் சரியாகக் கிடைக்காமல் பதிவு வேலை முழுவதும் வீட்டுக்கு வந்துவிடுகிறது என்பதும் உண்மை.

குழுவை அறவே பார்க்காமல் விட்டுவிடுவதும் தவறுதான். மறுநாள் அது இரட்டிப்பாகத் திரும்பும். தலைமை ஆசிரியரோடு உட்கார்ந்து வேலையைப் பிரித்துக்கொள்வதே வழி. இந்த வாரம் பதிவுகளை ஒருவர் பார்த்தால் அடுத்த வாரம் இன்னொருவர். பள்ளி விட்டதும் அரை மணி நேரம் அதற்கென்றே ஒதுக்குங்கள். இரவு எட்டுக்கு மேல் குழுவின் ஒலி அணைந்திருக்கட்டும், உண்மையில் அவசரம் என்றால் அழைப்பு வரட்டும். இளையவர்தானே, கணினி தெரிந்தவர்தானே என்று ஒரே ஆசிரியர் மேல் எல்லாப் பதிவையும் ஏற்றும் வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. அது அநியாயம் என்றே சொல்வேன்.

தென் மாவட்டங்களிலிருந்து இங்கே பணிக்கு வந்தவர்கள் செய்யும் ஒரு தவறை யாரும் பேசுவதில்லை. வாழ்க்கையையே, இடமாற்றம் கேட்கும் பொது மாறுதல் கலந்தாய்வுக்குத் தள்ளிப்போடுவது. ‘அடுத்த வருஷம் போயிடுவோம்’ என்று ஒரு பாயும் பக்கெட்டும் மட்டும் உள்ள அறையில் வருடக் கணக்கில் இருக்கிறார்கள். காலையில் டீயும் பன்னும், இரவில் பரோட்டா. வெள்ளி மாலை பேருந்து ஏறி இரவெல்லாம் உட்கார்ந்து ஊர் போய், ஞாயிறு இரவு மறுபடி ஏறி, திங்கள் காலை நேராக வகுப்புக்கு வந்து நிற்கிறார்கள். குடும்பத்தைப் பார்க்கும் ஆசையை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வாரத்தில் இரண்டு இரவு தூக்கம் போனால் உடம்பு கணக்குத் தீர்க்காமல் விடாது. முடிந்தால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போங்கள். ஊருக்குப் போகாத அந்த ஞாயிறன்று அறையில் சமையுங்கள், சந்தைக்குப் போங்கள், உடன் வேலை செய்பவர் வீட்டில் களியும் கீரைக் குழம்பும் சாப்பிடக் கூப்பிட்டால் மறுக்காதீர்கள். இந்த ஊரில் நாலு பேரைத் தெரிந்துகொண்டால் மாறுதல் வராமல் போய்விடாது.

உடம்பு விஷயத்தில் இரண்டு. பள்ளியில் கழிப்பறை சரியில்லை என்று காலை முதல் மாலை வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கும் ஆசிரியைகள் ஏராளம். தலைவலி, சிறுநீர்த் தொற்று, தொண்டை வறட்சி எல்லாம் அதிலிருந்தே கிளம்பும். கழிப்பறைக் குறையைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாகவே எழுத வையுங்கள். அடுத்தது குரல். தொண்டை கட்டியிருக்கும்போது கிசுகிசுத்துப் பேசினால் குரலுக்கு ஓய்வு என்று நினைக்கிறோம், அதுவும் சிரமம்தான். பேச்சையே குறைப்பது நல்லது. மூன்று வாரம் தாண்டியும் கரகரப்பு போகாவிட்டால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

கோபம் பிள்ளைகள் மேல் இறங்குவது எல்லாவற்றிலும் கெட்டது. அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு தடை செய்கிறது. சட்டம் இருக்கட்டும், அடித்துவிட்டு வீடு போகும் ஆசிரியருக்கு அன்றிரவு நிம்மதி இருக்காது. கை ஓங்கும் நேரம் என்று தெரிந்தால் பாடத்தை நிறுத்தி, ஐந்து நிமிடம் எல்லோரையும் எழுத வைத்துவிட்டு ஜன்னல் ஓரம் நில்லுங்கள்.

தற்செயல் விடுப்பு வருடத்துக்கு 12 நாள். அடுத்த வருடத்துக்குச் சேராது. அதைக் காய்ச்சலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் என்று பூட்டி வைத்துவிட்டு, டிசம்பரில் அவசரமாக எடுக்கிறோம். ஒரு பருவத்துக்கு ஒரு நாளாவது சும்மா இருப்பதற்காக எடுங்கள். ஈராசிரியர் பள்ளியில் இது எளிதல்ல. இருவரும் மாதத் தொடக்கத்திலேயே பேசி வைத்தால் முடியும்.

கடைசியாக, மருந்துக் கடை. தூக்கம் வரவில்லை என்று அல்பிரசோலம் போன்ற மாத்திரையை யாரோ சொல்லி வாங்கிப் போடுவது மிக ஆபத்தானது. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கவே கூடாத மருந்து அது, பழக்கமாகவும் மாறும். மதுவும் தூக்கத்தைக் கெடுக்கவே செய்யும். மாலை ஐந்து மணிக்குக் குடிக்கும் டீயின் காஃபீனில் ஏறத்தாழ பாதி இரவு பத்து மணிக்கும் உடம்பில் இருக்கும் என்பதால் முதலில் அந்த டீயை இன்னும் சீக்கிரமாகவே குடித்துப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை இருந்தாலோ, சாகலாம் போன்ற எண்ணம் ஒரு முறை வந்தாலோ, காத்திருக்காமல் 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். 2022 முதல் இயங்கும் இந்த அரசுச் சேவை இலவசம், தமிழிலேயே பேசலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். ஊரார் பார்த்துவிடுவார்களோ என்று தயங்கினால், குடும்பத்தில் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள். பி.பி., வயிற்றெரிச்சல் என்று மட்டும் சொல்லிவிட்டு வராமல், எத்தனை வாரமாகத் தூக்கமில்லை, பள்ளியில் என்ன நடக்கிறது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.