மிருதங்கம் பழகும் பிள்ளைக்கு வீட்டில் தாளம் போடுவது எப்படி

எனக்குச் சங்கீதம் தெரியாது. மகன் மூன்றாம் வகுப்பில் மிருதங்கம் சேர்ந்தபோது, வீட்டில் நான் என்ன செய்யட்டும் என்று வாத்தியாரிடம் கேட்டேன். "தாளம் போடுங்கம்மா, அது போதும்" என்றார். பாட்டு கற்கும் பிள்ளை தன் தொடையிலேயே தாளம் போட்டுக்கொள்ளும். மிருதங்கக்காரப் பிள்ளைக்கு இரண்டு கையும் வாத்தியத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறதே!

ஆதி தாளம் கற்க ஒரு சாயங்காலம் போதும். உள்ளங்கையால் தொடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று எண்ணுங்கள். நான்கு ஆயிற்றா? அடுத்து தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. வீச்சு என்றால் உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையைத் திருப்புவது. மொத்தம் எட்டு. பிள்ளை தடுக்கினாலும் இந்த எட்டு ஒரே சீராகப் போக வேண்டும். சொல்வது சுலபம். குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் நான் தாளத்தை விரட்டியிருக்கிறேன். "அம்மா, நீ ஓடுற" என்றான். கோபம்தான் வந்தது. செல்போனில் மெட்ரோனோமை, அதாவது ஒரே சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும் செயலியை, நிமிடத்துக்கு 60 என்று வைத்துப் பார்த்தால், அவன் சொன்னதுதான் சரி. இப்போது அடுப்பை அணைத்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.

வாசிப்பதற்கு முன் பாடத்தை வாயால் சொல்லச் சொல்லுங்கள். நாக்கு இடறும் இடத்தில்தான் விரலும் இடறும். தகிட மூன்று எழுத்து, தகதிமி நான்கு, தகதகிட ஐந்து, முதல் இரண்டையும் சேர்த்துத் தகிட தகதிமி என்றால் ஏழு. மாடி வீட்டில் கைக்குழந்தை வந்த பிறகு மதியத்தில் நாங்கள் வாத்தியத்தைத் தொடுவதில்லை, வாயால் சொல்லும் இந்தச் சொற்கட்டு மட்டும்தான். பஸ்ஸிலும் அதுவே.

முதல் காலத்தில் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு சொல் என்றால், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. தாளத்தின் வேகம் மாறாது. எந்தப் பிள்ளைக்கும் கண் மூன்றாம் காலத்தின் மேல்தான். முதல் காலம் நான்கு ஆவர்த்தனம், அதாவது நான்கு முழுச் சுற்று, பிசகில்லாமல் வந்தால்தான் அடுத்தது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். இதில் மட்டும் நான் இரக்கம் காட்டுவதில்லை.

அடுத்தது ரவை. மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலான தொப்பியில் அது ஒட்டியிருந்தால்தான் 'தொம்' கனமாக வரும். கொஞ்சம் ரவையைத் தண்ணீர் தெளித்து, விரலில் ஒட்டும் பதத்துக்குப் பிசையுங்கள். தொப்பியின் நடுவை ஈரக்கையால் துடைத்துவிட்டு வட்டமாக அப்புங்கள். சுருதி இன்னும் இறங்க வேண்டுமானால் துளி கூட்டலாம். வலப்பக்கத் தோலான வலந்தலையின் கரும்பகுதியில் மட்டும் ஈரம் படவே கூடாது. வாசித்து முடித்ததும் ரவையை எடுத்துவிட வேண்டும். ஒரு தடவை கல்யாணத்துக்கு அவசரமாகக் கிளம்பியதில் மறந்துபோனோம். திரும்பி வந்து பார்த்தால் அப்பளமாகக் காய்ந்திருந்தது. கத்தி முனையால் நெம்பினேன், தோல் கீறிவிட்டது. மூட்டு என்கிற அந்தத் தோல் பகுதியையே மாற்ற வேண்டிவந்தது. காய்ந்துவிட்டால் ஈரத்துணியை அதன் மேல் மட்டும் கொஞ்ச நேரம் போட்டு, ஊறியதும் விரலால் வழித்தெடுங்கள்.

தினமும் இருபது நிமிடம் போதும். கால் மரத்துப்போனால் எழுந்து ஒரு நடை நடக்க விடுங்கள். வாத்தியார் சொன்னதற்கு மேல் யூடியூபைப் பார்த்து நீங்கள் திருத்தப் போகாதீர்கள். சந்தேகம் வந்தால் யார் பேச்சைக் கேட்பது என்று பிள்ளை முழிக்கும். வகுப்பு முடிந்ததும் அவர் அனுமதியோடு புதுப் பாடத்தை ஒரே ஒரு முறை போனில் பதிந்து வாருங்கள்.

எங்களுக்குச் சனிக்கிழமை வகுப்பு. வெள்ளி ராத்திரி அந்த வாரப் பாடத்தை எனக்குச் சொல்லிக்கொடுக்க வைக்கிறேன். அப்போது அவன்தான் தாளம் போடுவான். நான் தகதகிடவை இன்னும் ஆறாகத்தான் இழுக்கிறேனாம்.