பழைய டயரைப் பார்த்துவிட்டுப் புது டயர் வாங்குங்கள்

பைக்குக்கு டயர் மாற்றும் நேரம் வந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது "எந்த பிராண்டு நல்லது?" என்றுதான். என்னிடம் கேட்டால் நான் பழைய பின் டயரை இரண்டு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வேன். ஒன்று வண்டிக்கு நேர் பின்னாலிருந்து, போனைத் தரையோடு வைத்து, இன்னொன்று பக்கவாட்டில். பத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் உங்களோடு ஓடிய டயர் அது, நீங்கள் எங்கே எப்படி ஓட்டுகிறீர்கள் என்பது அப்படியே அதில் பதிவாகியிருக்கும்.

என் வண்டியையே சொல்கிறேன். கவாசாகி நிஞ்ஜா 650, வீடு கோயம்புத்தூர். மாதம் ஒருமுறையாவது வால்பாறை, கோத்தகிரி என்று மலை ஏறுவேன், அதனால் எனக்கு வேண்டியது வளைவில் பிடிக்கிற மென்மையான டயர்தான் என்று நினைத்து அப்படித்தான் வாங்கினேன். ஆனால் அதே மாதத்தில் சென்னைக்கு ஒருமுறை போய் வந்தாலே ஆயிரம் கிலோமீட்டர், அதுவும் சேலத்துக்கு அப்புறம் கிட்டத்தட்ட நேர்கோடு. எட்டாயிரம் கிலோமீட்டரில் டயரின் நடுப்பகுதி தட்டையாகி, பின்னாலிருந்து பார்த்தால் வட்டமாக இருக்கவேண்டியது பெட்டி மாதிரி தெரிந்தது. ஓரங்களில் ரப்பர் அப்படியே இருக்கிறது! அந்த நிலையில் ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறியபோது ஒவ்வொரு வளைவிலும் வண்டி முதலில் சாய மறுத்தது, கொஞ்சம் அழுத்தினால் திடீரென்று உள்ளே விழுந்தது. தட்டையான பகுதி முடிந்து ஓரம் தொடங்குகிற விளிம்பின்மேல் டயர் ஏறி இறங்குவதுதான் அது. பயமாக இருந்தது.

ஆகவே முதல் வேலை, பழைய டயரைப் படிப்பது. நடு தட்டையாகியிருந்தால் நீங்கள் நெடுஞ்சாலைக்காரர், உங்கள் மனசு மலையில் இருந்தாலும். நடுவும் ஓரமும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால் உங்கள் ஓட்டம் கலவையானது, நீங்கள் அதிர்ஷ்டசாலி, எந்த ஸ்போர்ட் டூரிங் டயரும் உங்களுக்குப் பொருந்தும். நடுவில் பட்டன் இருக்க, ஓரம் மட்டும் போயிருந்தால் ஏற்காடு, கொல்லிமலை பக்கத்தில் குடியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். முன் டயரில் விரலை ஓட்டிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த் திசையில் ரம்பப்பல் மாதிரியும் தட்டுப்பட்டால் காற்று குறைவாக ஓட்டியிருக்கிறீர்கள், அல்லது முன் சஸ்பென்ஷனில் இருக்கும் ஃபோர்க் ஆயிலை மாற்றும் காலம் தாண்டிவிட்டது. இதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அப்படித்தான் தேயும்.

ஸ்போர்ட் டூரிங் டயர் என்பது என்ன என்று ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ரேஸ் டிராக் டயர் சூடேறினால்தான் பிடிக்கும், இரண்டு மூன்றாயிரம் கிலோமீட்டரில் முடிந்தும் போகும். சாதாரண டயர் பல்லாயிரம் கிலோமீட்டர் உழைக்கும், ஆனால் மழையில் சாய்க்க மனம் வராது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது இது. ரப்பர் கலவையில் சிலிகா கூடுதலாகச் சேர்த்திருப்பார்கள், அதனால் காலைக் குளிரிலும் ஈரத்திலும் சீக்கிரம் பிடி கிடைக்கும். பெரும்பாலும் பின் டயர் இரட்டைக் கலவை: நடுவில் கெட்டியான ரப்பர், இரண்டு ஓரத்திலும் மென்மையானது. நேர் ரோட்டில் நடுப்பகுதி உழைக்கிறது, சாய்க்கும்போது ஓரம் பிடிக்கிறது. நெடுஞ்சாலைக்காரர்களுக்கு இந்த இரட்டைக் கலவை கட்டாயம் வேண்டும் என்பேன்.

அளவு விஷயத்தில் யார் சொன்னாலும் கேட்காதீர்கள், கம்பெனி கொடுத்த அளவையே போடுங்கள். நிஞ்ஜா 650க்கு முன்னால் 120/70 இசட்ஆர் 17, பின்னால் 160/60 இசட்ஆர் 17. இதில் முதல் எண் மில்லிமீட்டரில் டயரின் அகலம், கடைசி எண் அங்குலத்தில் ரிம்மின் விட்டம். பின்பக்கம் 180 போட்டால் பார்க்க கெத்தாக இருக்கும் என்று ஒரு கடையில் என்னிடம் ரொம்ப நேரம் பேசினார்கள். 180 டயர் ஐந்தரை அங்குல அகல ரிம்முக்காகச் செய்தது, என் ரிம்மின் அகலம் நாலரை அங்குலம். குறுகலான ரிம்மில் மாட்டினால் ரிம்மில் உட்காரும் டயரின் இரண்டு விளிம்பும் நெருங்கி, மேல்பகுதி கூம்பு மாதிரி எழும்பிவிடும், சாய்மானமே மாறிப்போகும். பணமும் கூட, ஓட்டமும் கெடும், எதற்கு?

அளவுக்குப் பக்கத்தில் 58, 69 என்று ஒரு எண் இருக்கும், அது எடை தாங்கும் குறியீடு: 58 என்றால் 236 கிலோ, 69 என்றால் 325 கிலோ. பின்னால் ஆள் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் சேடில் பேக், மேலே ஒரு பெட்டி என்று லடாக்கின் லே வரைக்கும் போகிறவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள், விலை குறைகிறதே என்று எடை குறைவாகத் தாங்கும் டயரை வாங்கிவிடக் கூடாது. அடுத்து வரும் எழுத்து வேகத்துக்கு: எச் என்றால் 210, வி என்றால் 240, டபிள்யூ என்றால் மணிக்கு 270 கிலோமீட்டர். நாம் அந்த வேகத்தில் போகப்போவதில்லைதான், ஆனாலும் கம்பெனி கொடுத்ததைவிடக் கீழே இறங்க வேண்டாம். ஒன்று ரேடியல் (உள்ளே நூல் அடுக்கு குறுக்காக ஓடுவது), ஒன்று சாதா (நூல் அடுக்கு சாய்வாக ஓடுவது) என்று கலந்தும் போடாதீர்கள், முன்னும் பின்னும் ரேடியல் என்றால் இரண்டுமே ரேடியல்.

சரி, எதை வாங்குவது? 650 சிசியும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்கு மிஷெலின் ரோடு 5, ரோடு 6, பைரெல்லி ஏஞ்சல் ஜிடி 2, மெட்ஸெலர் ரோட்டெக் 01 எல்லாமே இந்த வகைதான். ஈர ரோடும் குளிரும்தான் உங்கள் கவலை என்றால் என் ஓட்டு மிஷெலினுக்கு. மதுரை டிவிஎஸ் ஸ்ரீசக்ராவின் யூரோகிரிப் பிராண்டில் ரோட்ஹவுண்ட் என்று ஒரு ஸ்போர்ட் டூரிங் ரேடியல் வருகிறது, நம் ஊர் கம்பெனி இந்த அளவுகளில் இறங்கியிருப்பது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். டோமினார் 400, அப்பாச்சி ஆர்ஆர் 310, கேடிஎம் 390 டியூக் மாதிரி 110/70, 150/60 போடுகிற வண்டிகளுக்கு அப்போலோ ஆல்ஃபா எச்1 இருக்கிறது. ஆர்ஆர் 310க்கு 2020 முதல் கம்பெனியே ரோடு 5 போட்டுக் கொடுத்தது என்பதையும் நினைவில் வையுங்கள், அந்த அளவில் அது கிடைக்கும்.

வெளிநாட்டு டயர் என்றால் ஒரு எச்சரிக்கை. 2020 ஜூனில் டயர் இறக்குமதியை மத்திய அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்ததிலிருந்து சில அளவுகள் திடீரென்று இருக்கும், திடீரென்று இருக்காது. அதனால் கடையில் பழைய சரக்கு தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். சைடுவாலில், அதாவது டயரின் பக்கச் சுவரில், நான்கு இலக்க எண் ஒன்று நீள்வட்டத்துக்குள் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. நான் இரண்டு வருடத்துக்கு மேல் பழையதை வாங்குவதில்லை. "புதுசு சார், இன்னும் பிரிக்கவே இல்லை" என்பார்கள். கவர் பிரிக்காவிட்டாலும் ரப்பருக்கு வயது ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

மாட்டும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் டயரைத் தேர்ந்தெடுப்பது மாதிரிதான். கடப்பாரை வைத்து நெம்பும் கடையில் அலாய் ரிம்மைக் கொடுக்காதீர்கள், மெஷினும் பிளாஸ்டிக் காப்பும் இருக்கும் இடத்துக்குப் போங்கள், பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சமப்படுத்துவது) செய்வார்களா என்று முதலிலேயே கேளுங்கள். வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். சைடுவாலில் உள்ள அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையில் இருக்கவேண்டும், முன் டயரில் இதை மாற்றிப் போட்டு நானே பார்த்திருக்கிறேன். சக்கரத்தின் பக்கத்தில் இருக்கும் ஏபிஎஸ் பிரேக்கின் பல் வளையம் தரையில் படும்படி சக்கரத்தைப் படுக்கவைக்க விடாதீர்கள், வால்வைப் புதிதாக மாற்றச் சொல்லுங்கள், செலவு மிகக் குறைவு. வண்டியில் மாட்டியபின் செயின் தொய்வு, பின் சக்கரம் நேராக இருப்பதைக் காட்டும் இரண்டு பக்க அளவுக் கோடு, ஆக்ஸில் நட்டு மூன்றையும் பாருங்கள். கிளம்புவதற்கு முன்னால், முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் நாலைந்து முறை அழுத்துங்கள். பிரேக் பேடு இருக்கும் காலிப்பரைக் கழற்றி மாட்டியிருந்தால் முதல் அழுத்தத்தில் பிரேக் பிடிக்காது, கடை வாசலிலேயே பஸ்ஸில் போய் இடிக்கும் ஆபத்து இருக்கிறது.

புது டயரின் மேல்தோல் வழுவழுப்பாக இருக்கும். முதல் 150 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி, சாய்மானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். டயர் பாலிஷ் போடவே போடாதீர்கள், அது வாட்டர் சர்வீஸ் செய்பவர் அன்பாகத் தடவிக் கொடுப்பதாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது காற்று. டயரோடு வாழ்வதில் பாதிக்கு மேல் இதுதான், பிராண்டு பற்றி மணிக்கணக்கில் பேசுபவர்கள்கூட மாதக்கணக்கில் காற்று பார்க்காமல் ஓட்டுவதைப் பார்த்தால் எனக்கு மனசு பதறுகிறது. என் வண்டிக்கு முன்னால் 32, பின்னால் 36 பிஎஸ்ஐ. இது டயர் குளிர்ந்திருக்கும்போது உள்ள அளவு, அதாவது காலையில் வண்டி எடுக்கும் முன். பங்க்குக்கு ஓட்டிப் போய்ச் சேர்வதற்குள் சூடாகி இரண்டு மூன்று ஏறியிருக்கும், அங்கே 36 என்று காட்டினால் உண்மையில் குறைவுதான். சொந்தமாக ஒரு டிஜிட்டல் கேஜ் வாங்கி வீட்டிலேயே பாருங்கள், வாரம் ஒருமுறை, நீண்ட பயணம் என்றால் தினமும் காலையில். பயணத்துக்கு ஒரு சின்ன எலெக்ட்ரிக் பம்பும் வைத்துக்கொண்டால் பங்க்கைத் தேடவே வேண்டாம்.

வெப்பநிலை பத்து டிகிரி மாறினால் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ மாறும். பழநியில் 35 டிகிரியில் பார்த்துவிட்டுக் கொடைக்கானல் போய், மறுநாள் காலை 15 டிகிரியில் பார்த்தால் மூன்று குறைந்திருக்கவேண்டும் அல்லவா? ஆனால் பெரும்பாலும் அவ்வளவு குறைந்திருக்காது. கொடைக்கானல் கிட்டத்தட்ட 2,100 மீட்டர் உயரம், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு, கேஜ் காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை, அதனால் உயரம் மூன்றைக் கூட்டிக் காட்டுகிறது, குளிர் மூன்றைக் குறைக்கிறது. கணக்கு நேராகிவிடும். "மலையில் பிடி வேண்டும், நாலு பாயின்ட் இறக்கு" என்ற யோசனையைக் கேட்டு இறக்காதீர்கள். கீழே இறங்கி வெயிலில் நெடுஞ்சாலையில் 100இல் போகும்போது காற்று குறைந்த டயர் நெளிந்து நெளிந்து சூடேறும், தேயும், மோசமான குழியில் விழுந்தால் ரிம்மும் போகும்.

மழைக்கு எவ்வளவு நல்ல டயரானாலும் ஒரு எல்லை உண்டு. கோடைக்குப் பின் வரும் முதல் மழையின் முதல் அரைமணி நேரம் ரோட்டில் படிந்த ஆயிலும் தூசியும் கூழாகக் கிடக்கும், டீ குடித்துவிட்டுப் போங்கள். வெள்ளைக் கோடு, மேன்ஹோல் மூடி, பாலத்தின் இரும்பு இணைப்பு, இவற்றை நிமிர்ந்தே தாண்டுங்கள். அப்புறம் நம் ஊருக்கே உரியது, அறுவடைக் காலத்தில் கிராமத்து ரோட்டில் காயப்போட்டிருக்கும் கொள்ளு, சோளம். அதன்மேல் எந்தக் கம்பெனி டயரும் நிற்காது, பிரேக் தொடாமல் நேராக, மெதுவாக.

பஞ்சருக்குச் சுருக்கமாக: நடுப்பகுதியில் ஆணி ஏறினால் ஓட்டையை அடைக்கும் ரப்பர் ஸ்ட்ரிப் வைத்து ஊர் போய்ச் சேரலாம், ஆனால் சேர்ந்ததும் டயரைக் கழற்றி உள்பக்கத்திலிருந்து ஒட்டுவதுதான் முறை. ஓட்டை 6 மில்லிமீட்டருக்கு மேல் என்றாலோ சைடுவாலில் என்றாலோ டயரை மாற்றத்தான் வேண்டும். பேச்சே இல்லை. ஆணியைப் பார்த்ததும் பிடுங்கிவிடாதீர்கள், காற்று நிற்கிறது என்றால் கடை வரைக்கும் அது அங்கேயே இருக்கட்டும்.

எப்போது மாற்றுவது? டயரின் பள்ளங்களுக்குள் சின்ன மேடுகள் இருக்கும், ரப்பர் அந்த மட்டத்துக்கு வந்தால் ஆட்டம் முடிந்தது. இரு சக்கர வண்டிக்குச் சட்டப்படி பள்ளத்தின் ஆழம் 0.8 மில்லிமீட்டர் போதும், நான் அதுவரை காத்திருப்பதில்லை, மழைக்காலம் தொடங்கும்போது 2 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுவேன். நடுவில் மட்டும் அளக்காமல், அதிகம் தேய்ந்த இடத்தில் அளக்கவேண்டும். என் கணக்கில் இரண்டு பின் டயருக்கு ஒரு முன் டயர் போதாது, மூன்று பின்னுக்கு இரண்டு முன் சரியாக வருகிறது. உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம், ஆனால் முன் டயரை இழுத்தடிக்காதீர்கள், பின் டயர் வழுக்கினால் சமாளிக்கலாம், முன் டயர் வழுக்கினால் யோசிக்கவே நேரம் கிடைக்காது.

ஓடாமல் நின்ற வண்டிக்கும் டயர் மாற்றவேண்டி வரும். பழைய வண்டி வாங்கும்போது "டயர் புதுசு மாதிரி இருக்கு, 4,000தான் ஓடியிருக்கு" என்று சொன்னால் அந்த நான்கு இலக்கத்தைப் பாருங்கள். ஆறு வருடம் ஆகியிருந்தால், ஓரத்தில் நகத்தை அழுத்தியும் தடம் பதியாமல் கல் மாதிரி இருந்தால், சைடுவாலில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால், இரண்டு டயரின் விலையையும் வண்டி விலையில் கழித்துப் பேசுங்கள், அந்த டயரோடு மலைக்குப் போகாதீர்கள்.